மாண்டரின் பேசுவோம் இயக்கம் சிங்கப்பூர் வீடுகளில் என்ன செய்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "1979இல் சிங்கப்பூர் அரசு ஓர் இயக்கம் நடத்திச் சீனர்கள் அனைவரையும் மாண்டரின் பேச வைத்துவிட்டது என்கிறார்கள். ஓர் அரசு நினைத்தால் மக்கள் வீட்டுக்குள் பேசும் மொழியையே மாற்றிவிட முடியுமா? முடியுமென்றால், நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவதற்கும் அப்படி ஓர் இயக்கம் நடத்தலாமே?"

ஒரு மொழியை வீட்டைவிட்டு வெளியேற்ற அரசால் முடியும். அதைச் சிங்கப்பூர் செய்தது. ஆனால் காலியான இடத்தில் எந்த மொழி வந்து உட்காரும் என்பதை அந்த அரசாலும் முடிவு செய்ய இயலவில்லை. சுருக்கமாக இதுதான் என் பதில். இதை ஏற்றுக்கொள்வதற்கு முன் நடந்ததை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் நீட்டியே எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். இயக்கம் தொடங்கியபோது தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் அது எனக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளை நான். ஆனால் பக்கத்து வீட்டில் ஹொக்கியன் என்ற சீனமொழி பேசும் பாட்டி ஒருவர் இருந்தார். எல்லோரையும் போல நானும் அவரை 'ஆ மா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேரன் என் வயதுக்காரன், விளையாட்டுத் தோழன். அந்த வீட்டு வாசலில் நின்றபடிதான் இந்த இயக்கத்தை நான் முதலில் பார்த்தேன். பிற்பாடு மொழிக் கொள்கைகளைப் படிக்கத் தொடங்கியதற்கும் அந்த வாசல்தான் காரணம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'கிளைமொழி' என்றதும் நமக்கு நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் நினைவுக்கு வரும். அந்த நினைப்போடு இந்த வரலாற்றைப் படித்தால் எல்லாமே தவறாகப் புரியும். ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹைனானீஸ், ஹாக்கா ஆகியவற்றை அரசு கிளைமொழி என்று குறித்தாலும், காதுக்கு அவை சீனாவின் பொதுமொழியான மாண்டரினிலிருந்து வெகுவாக விலகியவை. சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டுமானால் ஆ மா 'சியா பா புவே?' என்பார். கான்டனீஸ்காரர் 'சிக் ஜோ ஃபான் மேய்?' என்பார். மாண்டரினில் அது 'ச்சி பாவ் லெ மா?'. எழுத்து மட்டும் பொது. ஒரே எழுத்தைப் பார்த்து ஹொக்கியன்காரர் 'டான்' என்றும் கான்டனீஸ்காரர் 'சான்' என்றும் மாண்டரின் பேசுபவர் 'சென்' என்றும் படிப்பார். மூன்றும் ஒரே குடும்பப் பெயர். பேச்சளவில் பார்த்தால், தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையிலுள்ள தொலைவைவிட இந்தத் தொலைவு அதிகம் என்றே சொல்வேன். ஆகவே இயக்கம் கேட்டது, வழக்கைத் திருத்திச் செம்மையாகப் பேசுங்கள் என்பதை அல்ல. அம்மாவிடம் பேசும் மொழியை விட்டு வேறொரு மொழிக்கு வாருங்கள் என்பதை.

அந்த வேறொரு மொழியோ சிங்கப்பூரில் ஏறத்தாழ யாருடைய வீட்டு மொழியாகவும் இருந்ததில்லை. 1957 கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழி எது என்று சொன்னதைப் பாருங்கள்: ஹொக்கியன் 30 விழுக்காடு, தியோச்சூ 17, கான்டனீஸ் 15, மலாய் 11.5, தமிழ் 5.2. மாண்டரின் 0.1 விழுக்காடு. ஆயிரத்தில் ஒருவர்! சீனப் பள்ளிகள் 1920கள் தொட்டே மாண்டரினைப் பயிற்றுமொழியாகக் கொண்டு வந்ததால் அதற்குக் கல்வியின் மதிப்பு இருந்தது. படித்தவர்களின் மொழி, செய்தித்தாளை உரக்கப் படிக்கும் மொழி, மேடை மொழி. சந்தையிலும் சமையலறையிலும் அது கிடையாது. பின்னாளில் அரசு இதையே சீனப் பிள்ளைகள் எல்லோருக்கும் 'தாய்மொழி' என்று பாடத்திட்டத்தில் எழுதியது. பெற்ற தாய்க்குத் தெரியாத தாய்மொழி என்ற விசித்திரமான நிலை அங்கேதான் தொடங்குகிறது.

அரசுக்கு நியாயமான கவலை ஒன்று இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையில் கல்விமுறையை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1979இல் வெளியானது. பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் படிக்கும் பிள்ளைகளில் குறைந்தது 85 விழுக்காட்டினர் வீட்டில் அந்த இரண்டையும் பேசுவதில்லை என்று அது எடுத்துச் சொன்னது. அதாவது ஆறு வயதுக் குழந்தை ஒரே நேரத்தில் இரண்டு அந்நிய மொழிகளில் படிக்கத் தொடங்குகிறது. பலர் இரண்டிலும் தேறாமல் பள்ளியை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் பெற்றோர் சீனப் பள்ளிகளைக் கைவிட்டுவந்தார்கள். 1959இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் சீனமொழிப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். 1978இல் அது 11 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. ஆங்கிலம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், சீனப் பண்பாட்டோடு பிள்ளைகளுக்கு உள்ள தொடர்பு அறுந்துவிடும் என்று தலைவர்கள் அஞ்சினார்கள்.

1979 செப்டம்பர் 7ஆம் தேதி பிரதமர் லீ குவான் இயூ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 'துவோ ஜியாங் ஹுவாயூ, ஷாவ் ஷுவோ ஃபாங்யான்' என்பது முழக்கம்: மாண்டரினைக் கூட்டிப் பேசுவோம், கிளைமொழியைக் குறைத்துப் பேசுவோம். அவருடைய வாதம் எளிமையானது. ஒரு பிள்ளையின் தலையில் ஓரளவுக்குத்தான் மொழி ஏறும். ஆங்கிலத்தை விட முடியாது. எனவே ஆங்கிலமும் மாண்டரினுமா, ஆங்கிலமும் கிளைமொழியுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவுக்கு விடை தெளிவாகத் தெரிந்தாலும் மனத்துக்கு வலிக்கும் தேர்வு இது என்று அவரே அந்த உரையில் ஒப்புக்கொண்டார். இளைய தலைமுறை ஐந்து ஆண்டுகளில் கிளைமொழியை விட்டுவிட வேண்டும். பத்து ஆண்டுகளில் காப்பிக்கடை, உணவங்காடி, கடைத்தெரு எங்கும் மாண்டரின் ஒலிக்க வேண்டும் என்பது இலக்கு.

சீனாவோடு வணிகம் செய்யத்தான் இந்த இயக்கம் தொடங்கப்பட்டது என்று இன்று பலர் எழுதுகிறார்கள். காலத்தைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. சீனா கதவைத் திறக்கத் தொடங்கியது 1978இன் கடைசியில். சிங்கப்பூர் அதனோடு முறையான தூதரக உறவு வைத்ததோ 1990இல்தான். தொடக்கத்தில் பள்ளியும் பண்பாடும் பல பிரிவுச் சீனர்களை ஒன்றாக்குவதும்தான் நோக்கம். வணிகக் காரணம் பின்னால் வந்து சேர்ந்தது. வந்தபின் மற்றக் காரணங்களை எல்லாம் ஓரம் தள்ளியது.

முழக்கத்தாலும் சுவரொட்டியாலும் மட்டும் மக்கள் மொழி மாறிவிடவில்லை. இயக்கத்தின் உண்மையான பலம் வேறிடத்தில் இருந்தது, அதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அன்று காப்பிக்கடைகளில் ரீடிஃபியூஷன் என்ற கம்பிவழி வானொலி ஓடும். 1949இல் தொடங்கிய நிறுவனம் அது. கான்டனீஸில் கதை சொல்ல லீ டாய் சோர், ஹொக்கியனில் ஓங் டோ, தியோச்சூவில் இங் சியா கெங் என்று ஆளுக்கொரு கதைசொல்லி. நம்மூர் வில்லுப்பாட்டையும் கதாகாலட்சேபத்தையும் வானொலிக்குள் கொண்டுவந்தால் எப்படியிருக்குமோ அப்படி. ஆ மா மாலையில் கீழ்த்தளக் காப்பிக்கடைக்குப் போவதே ஓங் டோவின் கதைக்காகத்தான். வாளேந்திய வீரர்கள், வஞ்சக அமைச்சர்கள், பேயாக வந்த பெண்கள் என்று அவர் கேட்டுவந்ததைப் பேரனுக்கும் எனக்கும் திரும்பச் சொல்வார். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச ஹொக்கியன் அந்தக் கதைகளில் கற்றது. இயக்கம் தொடங்கிய பிறகு கிளைமொழி நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு 1982க்குள் இந்தக் கதைகள் நின்றுபோயின. வானொலியில் சிறிய செய்தி அறிக்கைகள் மட்டும் எஞ்சின. தொலைக்காட்சியில் ஹாங்காங் தொடர்கள் கான்டனீஸ் குரலை இழந்து மாண்டரின் குரலில் வரத் தொடங்கின. அதே முகம், அதே உதட்டசைவு, வேறு மொழி. பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே மாண்டரின் கற்றுக்கொண்டார்கள்.

மாண்டரினைப் பரப்பியதில் பள்ளிக்கு அடுத்த பங்கு அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு உண்டு என்பது என் கணிப்பு. சுவரொட்டியைப் பார்த்து எந்தப் பிள்ளையும் மொழி கற்பதில்லை. கதாநாயகன் அடுத்த வாரம் என்ன செய்வான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கற்றுக்கொள்வான்.

மூன்றாவது கருவி, அரசு அலுவலகங்களின் முகப்புகள். முதியவர்களைத் தவிர மற்றச் சீனர்களிடம் மாண்டரினில் பேசுமாறு ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டது. சீன டாக்சி ஓட்டுநர்களும் பஸ் நடத்துநர்களும் உணவுக் கடைக்காரர்களும் மாண்டரின் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும் அல்லது வகுப்புக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தையும் பிரதமர் தம் தொடக்க உரையிலேயே வெளியிட்டார். உரிமம் கொடுப்பதும் அரசு, வீடு கொடுப்பதும் அரசு, பள்ளி நடத்துவதும் அரசு என்றிருக்கும் சிறிய நாட்டில் இப்படி ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு பெயர்கள். 1980களில் பள்ளிப் பதிவேட்டில் சீனப் பிள்ளைகளின் பெயரை மாண்டரின் உச்சரிப்பில் எழுதச் சொன்னார்கள். வீட்டில் டான் என்ற குடும்பப் பெயரோடு பிறந்த பிள்ளை வகுப்பறையில் சென் ஆனான். அப்பாவின் பெயர் ஒன்று, மகனின் பெயர் இன்னொன்று. எதையும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்ட பெற்றோர்கூட இங்கே முரண்டு பிடித்தார்கள். கடைசியில் பல குடும்பங்கள் சமரசம் ஒன்றைக் கண்டுபிடித்தன: குடும்பப் பெயர் தாத்தாவின் உச்சரிப்பில், சொந்தப் பெயர் மாண்டரினில். இன்றைய சிங்கப்பூர்ச் சீனர் பலரின் பெயர்களில் இந்தத் தையலைப் பார்க்கலாம்.

ஊர்ப் பெயர்களையும் விடவில்லை. நீ சூன் புதுநகரமாகும்போது ஈசூன் ஆனது. ஆவ் காங், ஹவ்காங் ஆனது. பெக் சான் தெங் என்ற கான்டனீஸ் இடுகாட்டின் பெயரிலிருந்து பீஷான் வந்தது. இவை நிலைத்துவிட்டன. நிலைக்காத ஒன்று சிங்கப்பூர்த் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த சந்தை: தேக்கா. மூங்கில் அடிவாரம் என்ற பொருளுள்ள ஹொக்கியன் பெயர் அது. 1980களின் தொடக்கத்தில் புதிய சந்தைக் கட்டடம் எழுந்தபோது அதே எழுத்துகளின் மாண்டரின் உச்சரிப்பில் 'ஜுஜியாவ்' என்று பெயர்ப் பலகை வைத்தார்கள். மீன் வாங்க வந்த தமிழருக்கும் சொல்ல வரவில்லை, மலாய்க்காரருக்கும் வரவில்லை, மீன் விற்ற சீனரே சொல்லவில்லை. எல்லோரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000இல் பலகை தேக்காவாகத் திரும்பியது. இந்த நீண்ட வரலாற்றில் மக்கள் பேச்சு அரசை வென்ற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அது நடந்தது இந்தியர் வட்டாரமான லிட்டில் இந்தியாவில் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

லீ குவான் இயூ பிறருக்குச் சொன்னதைத் தாமும் செய்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். 1961இல் ஹாங் லிம் இடைத்தேர்தலுக்காக மிகுந்த பாடுபட்டு ஹொக்கியன் கற்றவர் அவர். ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்த வழக்கறிஞர் கூட்டத்தின் முன் நின்று ஹொக்கியனில் பேசியது சாதாரண மக்களை அவரிடம் கொண்டுவந்தது. 1979க்குப் பிறகு அவர் ஹொக்கியனில் மேடையேறுவதை நிறுத்திக்கொண்டார். தன்னைத் தலைவராக்கிய மொழிகளில் ஒன்றைத் தானே கீழே வைத்தார்.

இனி விளைவு. 1980 கணக்கெடுப்பின்போது சீனர் வீடுகளில் முக்கால் பங்குக்கும் மேல் கிளைமொழிதான் முதன்மைப் பேச்சு. மாண்டரின் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 1990இல் கிளைமொழி பாதியாகவும் மாண்டரின் 30 விழுக்காடாகவும் ஆயின. 2000இல் மாண்டரின் 45 விழுக்காட்டோடு முந்தியது. கிளைமொழி 31க்கு இறங்கியது. இருபது ஆண்டுகளில் இவ்வளவு பெரிய வீட்டுமொழி மாற்றம், போரோ புலம்பெயர்வோ இல்லாமல் நடந்தது, உலகில் அரிது. இதுவரை பார்த்தால் இயக்கம் அமோக வெற்றி. உங்கள் கேள்வியில் உள்ள வியப்பு இந்த இருபது ஆண்டுகளைப் பார்த்து வந்தது.

ஆனால் கணக்கு அங்கே நிற்கவில்லை. 2010இல் மாண்டரின் 47.7. பத்து ஆண்டுகளில் இரண்டரைப் புள்ளிதான் உயர்வு. அதே பத்து ஆண்டுகளில் ஆங்கிலம் 24இலிருந்து 32.6க்குப் போனது. 2020இல் ஆங்கிலம் 47.6, மாண்டரின் 40.2, கிளைமொழி 11.8. மாண்டரின் மலையேறி இறங்கத் தொடங்கிவிட்டது. 2019இல் இயக்கத்தின் நாற்பதாம் ஆண்டு விழாவில் பிரதமர் லீ சியன் லூங் ஒன்றைச் சொன்னார்: தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளைகள் உள்ள சீனக் குடும்பங்களில் 71 விழுக்காட்டில் ஆங்கிலம்தான் முதன்மை வீட்டுமொழி. இருபது ஆண்டுகளுக்கு முன் அது 42 ஆக இருந்தது. ஆங்கிலத்தை முதன்மையாகச் சொன்னவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் இன்னொரு மொழியையும் வீட்டில் பேசுகிறார்கள் என்பது உண்மைதான். விளக்கு முற்றிலும் அணைந்துவிடவில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் எது முதல் மொழியோ, அடுத்த கணக்கெடுப்புகள் அந்தத் திசையில்தான் போகும்.

ஏன் இப்படி? இயக்கம் முழு வேகத்தில் ஓடிய அதே ஆண்டுகளில் வேறொரு முடிவும் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. சீனமொழியில் கற்பித்த நான்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டன. தாய்மொழி ஒரு பாடமாக நின்றது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில், வேலைக்கான நேர்காணல் ஆங்கிலத்தில், சட்டமும் அலுவலகமும் ஆங்கிலத்தில். 'மாண்டரின் பேசுங்கள்' என்று சுவரொட்டி சொன்னது. 'ஆங்கிலத்தில் தேறினால்தான் வாழ்க்கை' என்று பள்ளி சொன்னது. பெற்றோர் கேட்டது பள்ளியின் சொல்லை. கிளைமொழியைக் கைவிடப் பழகிய குடும்பத்துக்கு அடுத்த தலைமுறையில் மாண்டரினைக் கைவிடுவது கடினமாக இல்லை. பாட்டியின் மொழியை விட்டுவிட்டு, படிப்புக்கு உதவும் மொழியை வீட்டில் பேசு என்று ஒரு முறை கற்றுக்கொடுத்தாகிவிட்டது. அந்தப் பாடத்தை மக்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

இயக்கத்துக்கும் இது புரியாமல் இல்லை. 1991இலிருந்து அது ஆங்கிலம் படித்த சீனர்களைக் குறிவைக்கத் தொடங்கியது. கிளைமொழியை விடு என்ற பேச்சு மறைந்து, மாண்டரினை மறந்துவிடாதே என்ற வேண்டுகோள் வந்தது. 2000களில் 'கூல்' என்ற ஆங்கிலச் சொல்லையே முழக்கத்தில் சேர்த்து இளைஞர்களை அழைத்தார்கள். 2019இல் சிங்கப்பூர் மாண்டரினுக்கே உரிய சொற்களைத் திரட்டி ஒரு சொற்களஞ்சியத்தை இணையத்தில் வெளியிட்டார்கள். சந்தைக்கு மலாய்ச் சொல்லான 'பாசார்' அந்த மண்ணின் மாண்டரினில் கலந்திருப்பது போன்றவை அதில் இடம்பெறும் வகை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஊர்ப் பேச்சின் கலப்பும் ஒரு செல்வம்தான் என்று இயக்கமே சொன்ன நாள் அது. இன்னும் முன்பே சொல்லியிருக்கலாம் என்று நான் ஏங்குகிறேன்.

ஆ மாவிடம் திரும்புகிறேன். பேரன் பள்ளியில் மேலே போகப் போக அவனுடைய ஹொக்கியன் குறைந்துகொண்டே வந்தது. மாண்டரின் ஆசிரியர் வீட்டிலும் மாண்டரின் பேசச் சொன்னார். அவன் அப்பா அம்மா தடுமாறித் தடுமாறி அதைப் பேசினார்கள். ஆ மாவால் அது முடியாது. சாப்பாட்டு மேசையில் அவருக்குப் புரியாத பேச்சு நடக்கும். அவர் மீன் முள்ளை எடுத்துப் பேரன் தட்டில் வைப்பார். 'சியா, சியா' என்பார், சாப்பிடு சாப்பிடு என்று. கடைசிக் காலத்தில் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே எஞ்சியது அந்த ஒரு சொல்தான். கதைகள் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இறந்தபோது சடங்குகள் ஹொக்கியனில் நடந்தன. பூசாரி சொன்னது பேரனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்து, உனக்குப் புரிகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டான். பாதி புரிந்தது.

இது ஒரே ஒரு வீட்டின் கதையல்ல என்பதற்கு அரசின் பிற்கால நடவடிக்கைகளே சாட்சி. முதியோருக்கான நலத்திட்டங்களை அவர்களுக்கு விளக்க வேண்டி வந்தபோது, கிளைமொழியில் பேசாமல் முடியவில்லை. 2016இல் அரசுத் திட்டங்களை விளக்கும் ஹொக்கியன் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. கொவிட் காலத்தில் கிளைமொழிகளில் அறிவிப்புகள் செய்தார்கள். நோயாளி சொல்வது புரிய வேண்டும் என்பதற்காக இளம் மருத்துவர்களும் தாதியரும் ஹொக்கியன், கான்டனீஸ் சொற்றொடர்களைக் கற்கிறார்கள். இதற்கு நடுவே, கிளைமொழிகளுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்று ஒரு மொழியியல் அறிஞர் 2009இல் சொன்னபோது லீ குவான் இயூவின் அலுவலகம் மிகக் கடுமையாக மறுத்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அவரே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்: இருமொழிக் கல்வி தவறான வழியில் தொடங்கியது, பல தலைமுறை மாணவர்கள் அதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள் என்று. வலிமை மிக்க ஒரு தலைவர் தம் வாழ்நாள் பணிகளில் ஒன்றைப் பற்றி இப்படிப் பேசியதை நான் மரியாதையோடு நினைவில் வைத்திருக்கிறேன்.

இயக்கம் நன்மையே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஹொக்கியன்காரரும் கான்டனீஸ்காரரும் இன்று தயங்காமல் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள், மணம் செய்துகொள்கிறார்கள். முன்பு குழுச் சண்டைக்குக் காரணமாயிருந்த பிரிவுகள் கரைந்துவிட்டன. சீனாவும் தைவானும் அவர்களுக்கு அந்நிய நிலங்கள் அல்ல. கிளைமொழிகளை இவ்வளவு கடுமையாக அடைக்காமலேயே இதையெல்லாம் பெற்றிருக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி. அன்றைய சாதாரணச் சந்தைக்காரர் ஹொக்கியன், தியோச்சூ, கொஞ்சம் கான்டனீஸ், பசார் மலாய் என்று நான்கு மொழிகளில் பேரம் பேசியவர். பள்ளி வாசலை மிதிக்காதவர். தலையில் இவ்வளவுதான் ஏறும் என்ற வாதத்துக்கு அவரே நடமாடும் மறுப்பு. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் ஹொக்கியன் பேசும் படைப்பிரிவுகளில் இருந்த தமிழ், மலாய் இளைஞர்கள்கூட அந்த மொழியைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பிய காலம் அது. சீனரல்லாத எங்களுக்கு அன்று சீனர்களோடு பேச மலாயும் ஹொக்கியனும் இருந்தன. மாண்டரின் பரவியபோது, மாண்டரின் தெரிந்தவர் தேவை என்ற வேலை விளம்பரங்களும் வந்தன. இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் அது இன்றும் உறுத்துகிறது.

இப்போது தமிழ். சிங்கப்பூரில் வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் 2010இல் குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. தமிழுக்கும் இயக்கம் இல்லாமல் இல்லை. வளர்தமிழ் இயக்கம் 2000இல் தொடங்கப்பட்டது. 'தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்' என்பது அதன் முழக்கம். ஒவ்வோர் ஏப்ரலிலும் தமிழ்மொழி விழா நடக்கிறது. நிகழ்ச்சிகள் நிறைவாக நடக்கின்றன, அரங்கு நிறைகிறது. எண்ணிக்கை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே, ஓர் இயக்கம் நடத்தலாமே என்ற உங்கள் கேள்விக்கு விடை: நடந்துகொண்டிருக்கிறது, அது மட்டும் போதவில்லை.

மாண்டரின் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முழக்கத்தை அல்ல. நமக்கு நேரடியாகப் பொருந்தும் ஆபத்து ஒன்று அதில் இருக்கிறது. சீனக் குழந்தைக்கு வீட்டு மொழி தாழ்ந்தது, பள்ளி மொழி உயர்ந்தது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாமும் பல ஆண்டுகள் அதையே செய்தோம். 'அம்மா, எனக்குப் பசிக்குது' என்று வகுப்பில் சொன்ன பிள்ளையிடம் 'பசிக்கிறது' என்று திருத்தினோம். எழுதும்போது அந்தத் திருத்தம் தேவை, பேசும்போது அது வாயை அடைக்கும். பேச்சுத் தமிழ் தவறு என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துத் தமிழில் சரளமாகப் பேச வராது, யாருக்கும் வராது. அந்தப் பிள்ளை தவறே செய்யாமல் பேசக்கூடிய மொழி ஒன்று கைவசம் இருக்கிறது, ஆங்கிலம். அங்கே போய்விடுகிறது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கச் சொன்னது. அது வெளிவந்த நாளில் நான் அடைந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. இன்னும் பல பெற்றோரும் சில ஆசிரியர்களும் அதை மனதார ஏற்கவில்லை என்பதுதான் வருத்தம்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் தமிழ் எந்த ஊர்த் தமிழாக இருந்தாலும், அதில் பிள்ளைகள் கதை கேட்கட்டும். நிறுத்தித் திருத்தாதீர்கள். தமிழில் மட்டுமே கிடைக்கும் ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும்: ஒரு கதை, ஒரு விளையாட்டு, பாட்டியோடு தொலைபேசியில் பேசும் அரைமணி நேரம். ஆ மாவின் வீட்டில் ஓங் டோவின் கதை செய்த வேலையை எந்தச் சுவரொட்டியும் செய்ததில்லை. அரசிடம் கேட்பதானால், விழாக்களுக்கு முன்பாக, குழந்தைகள் விரும்பிப் பார்க்கும் தமிழ் நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். தமிழில் பேசினால் தமிழில் பதில் கிடைக்கும் அலுவலக முகப்புகளைக் கேளுங்கள்.

தேக்கா சந்தைக்கு வாய்ப்புக் கிடைத்தால் ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். ஈரத் தரையில் நடந்து மீன் வரிசைக்குப் போனால், வயதான சீனக் கடைக்காரர்கள் சிலர் வஞ்சிரம், வவ்வால் என்று மீனின் பெயரைத் தமிழிலேயே சொல்லி விலை சொல்வார்கள். வாங்க வரும் தமிழ்ப் பெண்களிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுக் கற்றது.